பந்தை விடுங்கள், காலைப் பாருங்கள்: டிராஃப்டுக்கு வரும் கல்லூரி ரிசீவர்களை எடைபோடுவது எப்படி?

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் 2020 டிராஃப்டில் ஜஸ்டின் ஜெஃபர்சனின் பெயர் 22-வதாகத்தான் வந்தது. அவருக்கு முன்பே நான்கு வைட் ரிசீவர்கள் போய்விட்டார்கள். மினசோட்டா வைக்கிங்ஸ் அவரை எடுத்தது. முதல் ஆண்டிலேயே 1,400 யார்டு. 2022-இல் 128 பந்துகளைப் பிடித்து 1,809 யார்டு எடுத்து லீகிலேயே முதலிடம். ஆண்டு முழுக்க இதே வேலையாக ஊர் ஊராகப் போய் ஆட்டம் பார்ப்பவர்களின் கண்ணிலிருந்தே இப்படி ஒருவர் நழுவியிருக்கிறார். வீட்டில் உட்கார்ந்து பார்க்கும் நமக்கு என்ன தெரிந்துவிடும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்று பழகிக்கொண்டால் நமக்கும் கணிசமாகத் தெரியும். பல ஆண்டுகளாக டிராஃப்டுக்கு முந்தைய மாதங்களை இதற்கே கொடுத்துவருகிறேன். அதில் பழகிக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

புதிதாக வருபவர்களுக்காகச் சுருக்கமாக: ஏப்ரல் கடைசியில் மூன்று நாள், ஏழு சுற்றுகளாக, 32 அணிகளும் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். பள்ளிப் படிப்பை முடித்து மூன்று ஆண்டு ஆனவர்கள் இதற்குத் தகுதி பெறுகிறார்கள். மொத்தம் இருநூற்றைம்பது பெயர்களுக்கு மேல் வரும். பெரும்பாலான ஆண்டுகளில் அவர்களில் முப்பது பேரைச் சுற்றி ரிசீவர்கள். குவார்ட்டர்பேக் எறியும் பந்தை ஓடிப்போய்ப் பிடிப்பது ரிசீவரின் வேலை. அவரை ஒட்டிக்கொண்டு தடுப்பவர் கார்னர்பேக். இவ்வளவு தெரிந்தால் மற்றதைப் போகப்போகப் பிடித்துக்கொள்ளலாம்.

ரிசீவர் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஒற்றைக் கையால் பாய்ந்து பிடிக்கும் காட்சி. ஹைலைட் வீடியோக்கள் முழுக்க அதுதான். ஆனால் ஒரு ஓட்டத்தில் பந்து கைக்கு வருவது கடைசி அரை நொடி. அதற்கு முந்தைய இரண்டு, மூன்று நொடிகளில் கால்கள் என்ன செய்தன என்பதில்தான் அந்தப் பந்து அவரை நோக்கி வருமா வராதா என்பதே முடிவாகிறது. இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவது எல்லாமே இதைச் சுற்றித்தான்.

முதல் படி: இரண்டு ஆட்டங்களும் ஒன்றல்ல

கல்லூரி ஆட்டமும் தொழில்முறை ஆட்டமும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ரிசீவரைப் பொறுத்தவரை இரண்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி உண்டு. வீடியோவைத் திறப்பதற்கு முன் இந்த வித்தியாசங்களை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கல்லூரியில் எல்லைக்கோட்டருகே பந்தைப் பிடிக்கும்போது ஒரு கால் உள்ளே இருந்தால் போதும். என்எஃப்எல்லில் இரண்டு காலும் உள்ளே படவேண்டும். அதனால் கல்லூரி ஆட்டத்தில் ஓரத்தில் பிடித்த ஒவ்வொரு பந்தையும் நிறுத்திப் பார்த்து, இரண்டாவது கால் எங்கே விழுந்தது என்று கவனியுங்கள். விதி கேட்காதபோதே இரண்டு காலையும் உள்ளே வைக்கிறவர் தனியாகத் தெரிவார்.

மைதானத்தின் நடுவே இருக்கும் ஹாஷ் கோடுகள் கல்லூரியில் 40 அடி தள்ளித் தள்ளி இருக்கும். என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம்தான். பந்து ஒரு ஹாஷ் கோட்டில் வைக்கப்படும்போது கல்லூரியில் ஒரு பக்கம் பெரிய திடலாகவே திறந்து கிடக்கும். அந்தப் பரந்த பக்கத்தில் தனியாக நிற்கும் ரிசீவருக்குக் கிடைக்கும் இடம் அடுத்த ஆண்டு கிடைக்காது. பந்தை எறியும் ஆட்டத்தில், குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசைக்காரர்கள் கல்லூரியில் மூன்று யார்டு வரை முன்னே போகலாம், என்எஃப்எல்லில் ஒரு யார்டுதான். ஓட்டமா எறிதலா என்று எதிரணியைக் குழப்பி எறியும் குறுகிய பந்துகள் கல்லூரியில் இவ்வளவு எளிதாகக் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம் தொடுதல் விதி. என்எஃப்எல்லில் முதல் ஐந்து யார்டுக்குள் தடுப்பவர் ரிசீவரைக் கையால் தள்ளலாம், அதைத் தாண்டினால் தவறு. கல்லூரியில் அந்த ஐந்து யார்டு எல்லை கிடையாது. இருந்தும் கல்லூரிக் கார்னர்கள் பலர் ஐந்தாறு யார்டு தள்ளியே நிற்பார்கள். வேகமான ஒருவர் தங்களைத் தாண்டிவிடுவார் என்ற பயம். அதனால் நெஞ்சோடு நெஞ்சாக நின்று தள்ளும் ஒரு கார்னரைச் சில ரிசீவர்கள் கல்லூரியில் அதிகம் சந்தித்திருக்கவே மாட்டார்கள். அவர்களைப் பற்றி நமக்குப் பாதிதான் தெரியும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

இரண்டாம் படி: எந்த ஆட்டங்கள், எப்படி

ஒருவருக்கு நான்கு ஆட்டங்கள் பாருங்கள். அவருடைய சிறந்த ஆட்டத்தில் தொடங்காதீர்கள். அதைப் பார்த்துவிட்டால் மனம் அவர் பக்கம் சாய்ந்துவிடும், பிறகு தவறுகள் கண்ணில் படாது. முதலில் அவர் மோதிய ஆகச் சிறந்த கார்னர் இருந்த ஆட்டம். இரண்டாவது, எண்கள் மிகக் குறைவாக வந்த ஆட்டம். மூன்றாவது, முந்தைய ஆண்டின் ஏதாவது ஓர் ஆட்டம். வளர்ந்திருக்கிறாரா என்று அதில்தான் தெரியும். சிறந்த ஆட்டத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

சிறிய கல்லூரிக்காரர் என்றால், பெரிய கல்லூரியோடு மோதிய ஆட்டத்தைத் தேடிப் பிடியுங்கள். கூப்பர் கப் ஈஸ்டர்ன் வாஷிங்டன் என்ற இரண்டாம் அடுக்குக் கல்லூரியில் நான்கு ஆண்டில் 428 பந்துகள் பிடித்து 6,464 யார்டு எடுத்தார். எதிரணிகள் பலவீனமானவை என்று தள்ளிவிடலாம்தான். ஆனால் 2016-இல் முதல் அடுக்கிலிருந்த வாஷிங்டன் ஸ்டேட்டுக்கு எதிராகவும் அவர் 200 யார்டைத் தாண்டினார். அங்கே எதிரே நின்றவர்கள் மாறினார்கள், அவருடைய ஆட்டம் மாறவில்லை.

தொலைக்காட்சி ஒளிபரப்பில் ஒரு சிக்கல் உண்டு. கேமரா பந்தின் பின்னாலேயே போகும். ரிசீவர் ஏழெட்டு யார்டு ஓடியதும் திரையை விட்டே காணாமல் போவார். 22 பேரையும் மேலிருந்து காட்டும் பதிவு அணிகளின் கையில் இருக்கும், கல்லூரி ஆட்டங்களுக்கு நமக்கு எளிதில் கிடைக்காது. கிடைப்பதை வைத்து இப்படிச் செய்யுங்கள். பந்து ஆட்டத்துக்கு வருவதற்கு முன் நிறுத்தி, நம் ஆள் எங்கே நிற்கிறார், அவருக்கு எதிரே நிற்பவர் எத்தனை யார்டு தள்ளி என்று பாருங்கள். ஓடவிட்டு, அவர் திரையில் இருக்கும் வரை அவரை மட்டும் பாருங்கள். பந்து யாருக்குப் போனது என்பது பிறகு. முதல் நாள் கண் தானாகப் பந்தின் பின்னால் ஓடும். மூன்றாவது ஆட்டத்தில் பழகிவிடும். மறுஒளிபரப்புகளைத் தவறவிடாதீர்கள், கோல் கம்பப் பக்கத்திலிருந்து காட்டும் கோணத்தில் ஓட்டத்தின் முழு வடிவமும் தெரியும்.

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு வரி: எங்கே நின்றார், எதிரே இருப்பவர் ஒட்டியா தள்ளியா, என்ன ஓட்டம், தடுப்பவரிடமிருந்து விலகினாரா, பந்து வந்ததா, என்ன ஆயிற்று. நான்கு ஆட்டம் முடியும்போது நூறு வரிக்கு மேல் சேர்ந்துவிடும். பந்தே வராத வரிகள்தான் அதில் அதிகம் இருக்கும், அவைதான் பொக்கிஷம். விலகி ஓடியும் பந்து வராமல் போனால் அது குவார்ட்டர்பேக் சம்பந்தப்பட்ட செய்தி, ரிசீவரின் குறை அல்ல. வெறும் எண்களை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது கடைசிவரை தெரியாது.

எதிரே இருப்பவர் ஆளைக் காக்கிறாரா, இடத்தைக் காக்கிறாரா என்று முதலில் குழப்பமாக இருக்கும். ஆட்டம் தொடங்குமுன் ஒரு ரிசீவர் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகரும்போது ஒருவர் கூடவே ஓடினால் பெரும்பாலும் ஆள் காப்பு. யாரும் நகராமல் எல்லோருடைய கண்ணும் குவார்ட்டர்பேக் மேல் இருந்தால் இடக் காப்பு. ரிசீவரின் கால் திறமை முதல் வகையில்தான் முழுதாகச் சோதிக்கப்படும்.

மூன்றாம் படி: முதல் ஐந்து யார்டு

இங்கேதான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன்.

கபடியில் பாடிப்போகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் கோட்டைத் தாண்டியதும் நேராக ஓடுவதில்லை. தோளை ஒரு பக்கம் சாய்த்து, எதிரில் இருப்பவனின் எடை ஒரு காலுக்குப் போன அந்த நொடியில் மறுபக்கம் பாய்கிறார். ஒட்டி நிற்கும் கார்னரிடமிருந்து ரிசீவர் கிளம்புவதும் அதே கலைதான். இதை ரிலீஸ் என்பார்கள்.

நல்ல ரிலீஸில் மூன்று விஷயங்களைப் பார்ப்பேன். முதலாவது, கால் அசைவுக்கு ஏதாவது பயன் இருந்ததா. சிலர் நின்ற இடத்திலேயே படபடவென்று கால் மாற்றுவார்கள். பார்க்க அழகாக இருக்கும், கார்னர் அசையவே மாட்டார், ஒரு நொடி வீணாகப் போயிருக்கும். அந்த ஒரு நொடியில் குவார்ட்டர்பேக் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவார். இரண்டாவது, கை. கார்னர் நெஞ்சில் கை வைக்க வரும்போது அதைத் தட்டிவிடுகிறாரா, அல்லது நெஞ்சைக் கொடுத்துவிட்டுப் பிறகு மல்லுக்கட்டுகிறாரா. மூன்றாவது, தாண்டிய பிறகு எங்கே இருக்கிறார். எல்லைக்கோட்டுக்கும் அவருக்கும் நடுவே குவார்ட்டர்பேக் பந்தைப் போட ஐந்தாறு யார்டாவது மிச்சம் இருக்க வேண்டும். கோட்டுக்குத் தள்ளப்பட்டுவிட்டால் தாண்டியும் பயனில்லை.

இந்த இடத்தில் ரிசீவர்களின் மூன்று வகையான இடங்களைச் சொல்லிவிட வேண்டும். எக்ஸ் என்பவர் ஓரத்தில், பந்து வைக்கப்படும் கோட்டின் மேலேயே நிற்பார். ஒட்டி நின்று தள்ளும் கார்னர் பெரும்பாலும் இவருக்குத்தான். ஸெட் ஓரத்தில் இருந்தாலும் ஒரு யார்டு பின்னே நிற்பார், நகர்ந்தபடியே தொடங்கலாம், கிளம்புவதற்கு மூச்சு விட நேரம் உண்டு. ஸ்லாட் என்பவர் உள்பக்கம். இரண்டு திசையிலும் திரும்ப அவருக்கு இடம் இருக்கும். கல்லூரியில் ஸ்லாட்டில் மட்டும் நின்ற ஒருவரை ஓரத்தில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பது ஒவ்வொரு ஆண்டும் எழும் கேள்வி. ஜெஃபர்சனைப் பற்றிய சந்தேகமும் அதுவே. 2019-இல் அவருடைய கல்லூரியான எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட்) அவரைப் பெரும்பாலும் ஸ்லாட்டில் நிறுத்தியது. 111 பந்துகள், 1,540 யார்டு, 18 டச்டவுன் (எதிரணியின் கடைசி எல்லைக்குள் பந்தோடு போய்ச் சேர்வது). ஓரத்தில் ஆட முடியுமா என்று கேட்டவர்கள் அதற்கு முந்தைய ஆண்டின் ஆட்டங்களைப் போட்டுப் பார்த்திருந்தால் அவர் அங்கே ஓரத்தில்தான் நின்றார் என்பது தெரிந்திருக்கும். மூன்றாவது ஆட்டம் முந்தைய ஆண்டிலிருந்து இருக்கட்டும் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

இதற்கு நேர்மாறான உதாரணம் ஜேலின் ஹயட். 2022-இல் டென்னசியில் 1,267 யார்டு, 15 டச்டவுன், நாட்டின் சிறந்த ரிசீவருக்கான பிலெட்னிகாஃப் விருது. அலபாமாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஐந்து டச்டவுன். டென்னசியின் ஆட்டமுறையில் ரிசீவர்களை மைதானத்தின் இரு விளிம்புகளுக்கும் பரப்பி நிறுத்துவார்கள். நடுவே ஸ்லாட்டிலிருந்து ஹயட் யாரும் தொடாமலேயே கிளம்பி முழு வேகம் எடுப்பார். வேகம் உண்மையானது. ஆனால் என் நோட்டில் அவர் பெயருக்குக் கீழே ‘ஒட்டி நின்றவர்’ என்ற பத்தி கிட்டத்தட்டக் காலியாகவே இருந்தது. நியூயார்க் ஜயன்ட்ஸ் அவரை மூன்றாம் சுற்றில், 73-வதாக எடுத்தது. முதல் ஆண்டில் 23 பந்துகள், 373 யார்டு.

நான்காம் படி: ஓட்டமும் திருப்பமும்

ரிசீவர் ஓடும் பாதைக்கு ரூட் என்று பெயர். அவற்றுக்கு 1 முதல் 9 வரை எண் உண்டு. மனப்பாடம் செய்ய எளிய வழி: இரட்டை எண்கள் உள்பக்கம் திரும்பும், ஒற்றை எண்கள் எல்லைக்கோட்டுப் பக்கம் திரும்பும். 2 என்றால் உள்ளே சாய்ந்து ஓடும் ஸ்லான்ட், 4 என்றால் நேரே போய் நின்று குவார்ட்டர்பேக் பக்கம் திரும்பும் கர்ல், 6 என்றால் ஆழமாகப் போய் உள்ளே திரும்பும் டிக், 5 என்றால் வெளியே திரும்பும் அவுட், 9 என்றால் திரும்பாமல் நேரே. உங்கள் நோட்டில் எந்தெந்த எண் எத்தனை முறை வந்தது என்று கூட்டிப் பாருங்கள். 2, 4, 9 மட்டும் வந்தால் அவருக்கு அவ்வளவுதான் கொடுத்திருக்கிறார்கள். அவரால் மற்றவை முடியாது என்று அதற்கு அர்த்தமில்லை, நமக்குத் தெரியாது என்றுதான் அர்த்தம்.

திரும்பும் இடத்தை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். வேகமாக ஓடிவருபவர் நிற்க எத்தனை அடி எடுக்கிறார்? நல்லவர்கள் இடுப்பைத் தாழ்த்தி இரண்டு மூன்று அடியில் திரும்பிவிடுவார்கள். சிலர் ஐந்தாறு குட்டி அடி வைத்து வளைந்து திரும்புவார்கள்; என்எஃப்எல் கார்னர் அதைக் கண்டதும் முன்னால் பாய்ந்து பந்தை வெட்டுவார். திரும்புவதற்கு முன் தலை எழும்புகிறதா, கை வீச்சு குறைகிறதா என்றும் பாருங்கள். அதுதான் காட்டிக்கொடுக்கும் அடையாளம். 9-ம் எண் ஓட்டத்தையும் 4-ம் எண் ஓட்டத்தையும் அடுத்தடுத்துப் போட்டு, முதல் எட்டு யார்டில் உங்களாலேயே வித்தியாசம் கண்டுபிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். உங்களால் முடிந்தால் கார்னராலும் முடியும்.

2024-இல் ஜார்ஜியாவிலிருந்து வந்த லாட் மெக்கான்கி இதற்கு அழகான உதாரணம். கடைசிக் கல்லூரி ஆண்டில் காயத்தோடு ஒன்பது ஆட்டம், 30 பந்துகள், 478 யார்டு. எண்களைப் பார்த்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். டிராஃப்டுக்கு வரும் கல்லூரி ஆட்டக்காரர்களுக்காக அலபாமாவின் மொபீலில் நடக்கும் சீனியர் பவுலில் ஒருவருக்கு ஒருவர் பயிற்சியில் அவரைத் தடுக்க முடியாமல் கார்னர்கள் திணறினார்கள். அந்தக் கால்கள் ஜார்ஜியா ஆட்டங்களிலும் அப்படியேதான் இருந்தன, பந்துதான் வரவில்லை. சார்ஜர்ஸ் அவரை 34-வதாக எடுத்தது, முதல் ஆண்டில் 82 பந்துகள், 1,149 யார்டு. சீனியர் பவுல் பயிற்சிகளை முடிந்தவரை பாருங்கள். திட்டம் எதுவும் இல்லாமல் ஒரு ரிசீவரும் ஒரு கார்னரும் மட்டும் மோதும் காட்சி வேறெங்கும் இவ்வளவு தெளிவாகக் கிடைக்காது.

ஐந்தாம் படி: இப்போது கைகள்

கையால் பிடிக்கிறாரா, நெஞ்சில் அணைத்துப் பிடிக்கிறாரா. முதல் கேள்வி இதுதான். உடம்பை விட்டுத் தள்ளி, கையை நீட்டிப் பிடிக்கிறவரிடமிருந்து பந்தைத் தட்டுவது கடினம். நழுவிய பந்துகளை எண்ணும்போது காரணத்தையும் எழுதுங்கள். பிடிக்கும் முன்பே ஓடத் திரும்பியதால் நழுவினால் பயிற்சியில் சரியாகலாம். கை அமைப்பே தவறாக இருந்து நழுவினால் கவலைப்பட வேண்டும். ஓரிரு நழுவல்களை வைத்து ஒருவரை ஒதுக்காதீர்கள். ஜமார் சேஸ் 2021-இல் சின்சினாட்டிக்கு வந்த புதிதில், லீக் தொடங்குவதற்கு முந்தைய ஆட்டங்களில் பந்துகளை நழுவவிட்டார். கல்லூரிப் பந்தில் இருக்கும் வெள்ளைக் கோடுகள் இந்தப் பந்தில் இல்லை, பழக நேரமாகிறது என்றார். பலர் அதைக் கேலி செய்தார்கள். அந்த ஆண்டு 1,455 யார்டு, 13 டச்டவுன் எடுத்தார்.

இன்னொன்று, என் சொந்தத் தவறிலிருந்து கற்றது. 2019-இல் அரிசோனா ஸ்டேட்டின் என்கீல் ஹாரியை என் பட்டியலில் மிக உயரத்தில் வைத்திருந்தேன். பெரிய உடம்பு, தடுப்பவர் மேலேயே ஏறிநின்று பந்தைப் பறிப்பார். ‘கூட்டத்திலும் பிடிக்கிறார்’ என்று நோட்டில் திரும்பத் திரும்பப் பாராட்டி எழுதியிருந்தேன். ஏன் ஒவ்வொரு முறையும் அவரைச் சுற்றிக் கூட்டம் இருக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும். கல்லூரிக் கார்னரிடமிருந்தே விலக முடியாதவருக்கு என்எஃப்எல்லில் இடம் இன்னும் குறையும். பேட்ரியாட்ஸ் அவரை முதல் சுற்றின் கடைசியில், 32-வதாக எடுத்தது. அங்கே அவர் நிலைக்கவில்லை. அதே ஆண்டு 76-வதாகப் போன டெர்ரி மெக்லாரின், கடைசிக் கல்லூரி ஆண்டில் ஒஹாயோ ஸ்டேட்டில் 35 பந்துகள்தான் பிடித்திருந்தார். ஆனால் பந்து வரும்போது பக்கத்தில் ஆள் இருக்க மாட்டார்கள். முதல் ஆண்டிலேயே 919 யார்டு. அதன்பிறகு என் நோட்டில் கூட்டத்தில் பிடித்த பந்துக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போடுகிறேன்.

பிடித்த பிறகு ஓடும் யார்டுகளையும் பாருங்கள், ஆனால் குவார்ட்டர்பேக் பக்கத்திலேயே நின்று வாங்கும் ஸ்கிரீன் பந்துகளைத் தனியாகப் பிரித்து எண்ணுங்கள். பிடித்ததில் பாதி அப்படி வந்ததென்றால் மீதிப் பாதியை வைத்துத்தான் அவரை எடைபோட வேண்டும். மற்றவர் ஓடும்போது இவர் தடுப்பு வேலை செய்கிறாரா என்பதற்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். ஆளைப் பற்றிச் சில விஷயங்கள் அதில் தெரியும்.

ஆறாம் படி: எண்களை இப்போது எடுங்கள்

வீடியோ பார்த்து முடித்த பிறகுதான் எண்கள். வரிசை மாறினால் எண் சொல்வதைத்தான் கண் தேடும்.

மொத்த யார்டை விட, அணி எறிந்த யார்டில் இவருடைய பங்கு எவ்வளவு என்பது மேல். 30 சதவீதத்தைத் தாண்டினால் அந்த அணி அவரை நம்பி ஆடியிருக்கிறது. ஓடிய ஒவ்வொரு ரூட்டுக்கும் சராசரியாக எத்தனை யார்டு என்ற கணக்கும் பயனுள்ளது. 2-க்கு மேல் நன்று, 3-ஐத் தொட்டால் அபூர்வம். வயதைக் கட்டாயம் பாருங்கள். 23, 24 வயதில் வந்து 19 வயதுப் பையன்களைத் தாண்டி ஓடுவது ஒரு கணக்கு, 19 வயதிலேயே அதைச் செய்தவர் வேறு கணக்கு.

ஆனால் பங்குக் கணக்கில் ஒரு குழி உண்டு. 2021-இல் ஒஹாயோ ஸ்டேட்டில் ஜாக்சன் ஸ்மித்-இன்ஜிக்பா 1,606 யார்டு, கேரட் வில்சன் 1,058, கிறிஸ் ஒலாவே 936. மூவரும் ஒரே அணி. ஒருவர் பங்கை இன்னொருவர் தின்றுவிட்டார். பங்கு குறைவு என்று ஒலாவேயை ஒதுக்கியிருந்தால் தவறாகியிருக்கும். வில்சனும் ஒலாவேயும் 2022 டிராஃப்டில் 10, 11-வதாகப் போய், இருவருமே முதல் ஆண்டில் ஆயிரம் யார்டைத் தாண்டினார்கள். பக்கத்தில் யார் ஆடினார்கள், பந்தை எறிந்தவர் யார் என்று பார்க்காமல் எந்த எண்ணையும் நம்பாதீர்கள்.

ஏழாம் படி: காம்பைன்

பிப்ரவரி கடைசி, மார்ச் தொடக்கத்தில் இண்டியானாபொலிஸில் எல்லோரையும் கூட்டி அளப்பார்கள். 40 யார்டு ஓட்டம்தான் தொலைக்காட்சியில் திருவிழா. 2024-இல் சேவியர் வர்தி 4.21 நொடியில் ஓடியது சாதனை. அதற்கு முந்தைய சாதனை, 2017-இல் ஜான் ராஸின் 4.22. ராஸ் அந்த ஆண்டு 9-வதாக எடுக்கப்பட்டார், முதல் ஆண்டில் ஒரு பந்தைக்கூடப் பிடிக்கவில்லை. அதே டிராஃப்டில் 4.62 ஓடிய கூப்பர் கப் 69-வதாகப் போனார். 2021-இல் 145 பந்துகள், 1,947 யார்டு, 16 டச்டவுன் என மூன்றிலும் லீகில் முதலிடம், லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே.

அதற்காக அளவுகளைத் தூக்கி எறிய வேண்டாம். வீடியோவில் எழுந்த கேள்விகளுக்குப் பதில் தேடத்தான் அவை. தாண்டி ஓடுகிறாரா என்று சந்தேகம் இருந்தால் 40 யார்டும் அதன் முதல் 10 யார்டும் உதவும். திரும்புவதில் சந்தேகம் இருந்தால் மூன்று கூம்பு ஓட்டத்தைப் பாருங்கள். டிகே மெட்காஃப் 2019-இல் 228 பவுண்டு எடையோடு 4.33 நொடியில் ஓடினார், மூன்று கூம்பில் 7.38 என்று பின்தங்கினார். கழுத்துக் காயமும் இருந்தது. ஒன்பதாவது ரிசீவராக, 64-வதாகப் போனார். அவரால் எல்லா ரூட்டும் ஓட முடியாது என்பது அளவில் தெரிந்தது. அந்த எடையும் வேகமும் சேர்ந்தால் நேராக ஓடும் இரண்டு மூன்று ரூட்டுகளே போதும் என்பது வீடியோவில் தெரிந்தது. அவரை எடுத்த சியாட்டில் அணி இரண்டாவதைப் பார்த்தது. டெவான்டா ஸ்மித் 2020-இல் 1,856 யார்டு எடுத்து, கல்லூரி ஆட்டத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பை வென்றவர், எடை 170 பவுண்டுதான். இவ்வளவு ஒல்லியானவரைத் தள்ளி விழுத்திவிடுவார்கள் என்றார்கள். தள்ள வருபவர் கைக்கு அகப்படாமல் கிளம்பும் ரிலீஸ் அவரிடம் இருந்தது. ஈகிள்ஸ் 10-வதாக எடுத்தது, இரண்டாம் ஆண்டிலேயே ஆயிரம் யார்டைத் தாண்டினார்.

மருத்துவ அறிக்கையும் நேர்காணலும் அணிகளுக்கு மட்டும் கிடைப்பவை. அவற்றை நாம் ஊகிக்கப் போக வேண்டாம்.

எட்டாம் படி: எழுதி வையுங்கள்

ஒவ்வொருவருக்கும் ஒரு பத்தி எழுதுங்கள். ‘முதல் சுற்று’, ‘மூன்றாம் சுற்று’ என்று முத்திரை குத்துவதோடு நிறுத்தாமல், என்எஃப்எல்லில் இவர் எங்கே நிற்பார், எந்த மூன்று ரூட்டில் வாழ்வார், எது அவரைத் தோற்கடிக்கும் என்று சொல்லுங்கள். ‘ஸ்லாட், 2, 4, 6 ரூட்டுகள், ஒட்டி நிற்கும் பெரிய கார்னர் இவருக்குச் சிக்கல்’ என்ற ஒரு வரி போதும். டிராஃப்ட் அன்று, நமக்கு வெள்ளிக்கிழமை விடிகாலை ஐந்தரைக்கு முதல் சுற்று தொடங்கும்போது, இந்த வரிதான் உங்களுக்குப் பயன்படும். அணி மாறினால் ஒருவரின் மதிப்பும் மாறும். இவரை இப்படிப் பயன்படுத்தத் தெரிந்த அணி எடுத்ததா என்று உடனே பார்க்கலாம். கடைசிச் சுற்றுகள் வரை விழித்திருங்கள். பூக்கா நக்குவா 2023-இல் ஐந்தாம் சுற்றில், 177-வதாகப் போய், 1,486 யார்டு எடுத்துப் புதியவர்களுக்கான சாதனையை உடைத்தார். ஆமொன்-ரா செயின்ட் பிரவுன் 2021-இல் நான்காம் சுற்றில் 112-வது; தனக்கு முன் எடுக்கப்பட்ட பதினாறு ரிசீவர்களின் பெயரையும் வரிசையாகச் சொல்லுவார்.

தொடங்க ஓர் ஆட்டம் சொல்லுகிறேன். 2019 டிசம்பர் 28, அட்லாண்டாவில் பீச் பவுல், எல்எஸ்யூவும் ஓக்லஹோமாவும். முதல் முறை ஜெஃபர்சனை மட்டும் பாருங்கள். 14 பந்துகள், 227 யார்டு, நான்கு டச்டவுன், நான்கும் முதல் பாதியிலேயே. ஒவ்வொன்றிலும் பந்து எறியப்படும் முன்பே அவர் தடுப்பவரிடமிருந்து விலகிவிட்டாரா, குவார்ட்டர்பேக் ஜோ பரோ இடம் பார்த்து எறிந்தாரா என்று நோட்டில் பிரித்து எழுதுங்கள். பிறகு அதே ஆட்டத்தை முதலிலிருந்து போட்டு, இந்த முறை அதே எல்எஸ்யூ அணியில் ஆடிய ஜமார் சேஸை மட்டும் பாருங்கள். அன்று அவருக்குப் பந்து குறைவாகத்தான் வந்தது. அவருடைய கால்கள் மட்டும் ஆட்டம் முழுக்க வேலை செய்துகொண்டே இருக்கும்.